பெட்டிக்குள் கிடந்த அட்டை

நமது மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவுக்கு வெளியே போடப்பட்டிருக்கும் நீண்ட இருக்கைகளை நீங்கள் அறிவீர்கள். இவ்விதழை வாசிக்கும் உங்களில் சிலர் அவற்றில் அமர்ந்தபடியே இதை வாசித்துக்கொண்டிருக்கவும் கூடும். சில மாதங்களுக்கு முன் அந்த இருக்கை ஒன்றில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருவர், இதய வால்வு அறுவை சிகிச்சைக்காகத் தம் மனைவியை இங்கே சேர்த்திருந்தார். எக்கோ, இரத்தப் பரிசோதனைகள், முன்பணம் என்று இரண்டே நாள்களில் கைப்பணம் கரைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் மனைவியின் கம்மலையும் தம் அக்காளின் சங்கிலியையும் அடகு வைத்துவிட்டு வந்து, அந்த இருக்கையில் அமர்ந்து பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம் மகனுக்குத் துணையாக வந்திருந்த மூதாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, காப்பீட்டு அட்டை நீங்க வாங்கலியா?" என்று கேட்டிருக்கிறார். "பஞ்சாயத்து ஆபீஸ்ல வச்சு எல்லாருக்கும் போட்டோ எடுத்துக் குடுத்தாங்களே, அதா பாட்டி? அது வீட்ல பெட்டியில கெடக்கு" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, நான் அமர்ந்திருக்கும் காப்பீட்டு உதவி மேசைக்கு நேராக அழைத்து வந்துவிட்டார்.

அன்று மாலையே ஊரிலிருந்து அட்டை வந்து சேர்ந்தது. மறுநாள் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தோம், அனுமதி கிடைத்தது, அறுவை சிகிச்சை கட்டணமின்றி நடந்தது. கட்டிய முன்பணமும் திரும்பக் கிடைத்தது. ஆனால் இங்கே வருமுன் வெளியில் பல மாதங்களாகப் பார்த்த வைத்தியத்துக்குக் கொடுத்த பணமும், அடகுக் கடையில் முதலிலேயே பிடித்துக்கொண்ட வட்டியும் திரும்பவில்லை. "இது வைத்தியத்துக்குன்னு யாருமே சொல்லலம்மா, ரேஷன் கார்டு மாதிரி இன்னொரு கார்டுன்னு நெனச்சோம்" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் எனக்குத்தான் வந்தது; அதில் பெரும்பகுதி என்மீதே வந்தது. அவர் மனைவியை அனுமதித்த நாளில் நமது அனுமதிப் பிரிவில் நிரப்பப்பட்ட படிவத்தில் பெயர், வயது, முகவரி, ஒவ்வாமை உள்ள மருந்துகள் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. 'அரசுக் காப்பீட்டு அட்டை உண்டா?' என்ற கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மேசையில் அமர்ந்திருக்கும் நானும் அதைக் கவனித்ததில்லை.

இல்லாதவர்களுக்குக் காப்பீடு கொடுத்துவிட்டால் சிகிச்சை தானாகவே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி உண்மையே என்பதை அந்த இருக்கையில் கண்டேன். அட்டைக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு தொலைவு இருக்கிறது. வசதியும் படிப்பும் உடையவர் அதைக் கடந்துவிடுகிறார். கூலித் தொழிலாளி கடக்க இயலாமல் நின்றுவிடுகிறார். அந்தத் தொலைவைக் கடக்கும் வழியை நோயாளிக்குச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

திட்டங்களின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 2003-இல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக யஷஸ்வினி தொடங்கியது. ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. மத்திய அரசு 2008-இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ராஷ்டிரிய ஸ்வஸ்திய பீமா யோஜனாவைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018-இல் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் அது இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற இன்றைய வரம்பை அடைந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் 1,20,000 ரூபாய் என்று தளர்த்தப்பட்டது. மாதக் கணக்கில் அது 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்குபவர் மாதத்தில் இருபது நாள் வேலை செய்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்யும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் அத்தகைய குடும்பங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே அட்டை உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

அட்டையால் பயன் உண்டா? அண்டை மாநிலமான கர்நாடகத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைத் தந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஆய்வு வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டத்தைப் பற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இதய நோய், புற்றுநோய் போன்ற பெரும் நோய்களுக்கான உயர் சிகிச்சையை அது இலவசமாக வழங்கியது. மாநிலத்தின் வடபகுதியில் 2010-இல் முதலில் தொடங்கப்பட்டு, பின்னர் 2012-இல் தெற்குக்கு விரிந்தது. வடக்கில் தொடங்கித் தெற்கில் தொடங்காத அந்த இடைவெளியை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். திட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் உள்ள 572 கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். இருபுறமும் அதே வறுமை, அதே மண், அதே வாழ்க்கை. ஒரு புறம் திட்டம் உண்டு, மறுபுறம் இல்லை என்பதே வேறுபாடு. திட்டத்தால் தடுக்கக்கூடிய நோய்களால் ஏற்பட்ட இறப்பு விகிதம் திட்டம் இல்லாத குடும்பங்களில் 0.90 சதவீதமாகவும், திட்டம் உள்ள குடும்பங்களில் 0.32 சதவீதமாகவும் இருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் குறைவு. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தபோது பலரும் வியந்தனர்.

இரண்டாம் ஆய்வு, வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலேயுள்ள குடும்பங்களுக்கு மேற்சொன்ன 30,000 ரூபாய்க் காப்பீட்டைக் கொடுத்துப் பார்த்தது. 435 கிராமங்களில் 10,879 குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. யாருக்கு இலவசமாகக் காப்பீடு, யாருக்கு விலைக்கு, யாருக்கு எதுவும் இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். இலவசமாகக் கிடைத்தவர்களில் 78.71 சதவீதத்தினர் அதை ஏற்றுக்கொண்டனர். ஆனால் பின்தொடர்ந்து பார்த்தபோது, உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஆய்வாளர்களால் காண இயலவில்லை. காரணங்களுள் ஒன்றையும் அவர்கள் வெளிப்படையாகவே பதிவு செய்தனர்: காப்பீடு பெற்றவர்களில் பலரால் அதைப் பயன்படுத்தவே இயலவில்லை.

இவ்விரண்டு திட்டங்களும் ஒன்றல்ல என்பதை மறுப்பதற்கில்லை. ஒன்று உயிர்காக்கும் பெரிய அறுவை சிகிச்சைகளுக்கானது. மற்றொன்று சிறிய தொகைக்கானது. பயனாளிகளும் வேறு. ஆகவே இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து எடை போடக் கூடாது. ஆயினும் இந்த மேசையில் அமர்ந்து பார்ப்பவளின் கண்ணுக்கு இன்னொரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் மருத்துவமனைகளே கிராமங்களுக்குச் சென்று முகாம் நடத்தி, நோயாளிகளைக் கண்டறிந்து அழைத்து வந்தன. காகிதத்தோடு ஓர் ஆளும் கூடவே போனார். மற்றத் திட்டத்தில் அட்டை கைக்குப் போனது, அத்தோடு சரி.

அந்த இரண்டாம் ஆய்வில் என் மனத்தைப் பெரிதும் தொட்டது வேறொரு கண்டுபிடிப்பு. ஒரு கிராமத்தில் எத்தனை குடும்பங்களுக்குக் காப்பீடு கொடுப்பது என்பதையும் ஆய்வாளர்கள் ஊருக்கு ஊர் மாற்றி அமைத்திருந்தனர். காப்பீடு பெற்ற குடும்பங்கள் அதிகமாக இருந்த ஊர்களில் அதைப் பயன்படுத்துவதும் அதிகமாக இருந்தது. பக்கத்து வீட்டார் பயன்படுத்தியதைப் பார்த்து இவர்கள் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. நமது வராந்தாவில் அந்த மூதாட்டி செய்தது அதுவேயன்றி வேறென்ன? அவருடைய மகனுக்கு எந்த மேசையில் அனுமதி வாங்கினார்களோ அந்த மேசைக்கே அவர் இன்னொருவரை அழைத்து வந்தார். மருத்துவமனை செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு நோயாளியின் தாய் செய்தார்.

அறிவிப்புக்கு இத்தனை ஆற்றலா என்று ஐயுறுவோருக்காக, கடல் கடந்த நாடொன்றில் தற்செயலாக நிகழ்ந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அந்நாளில், காப்பீடு எடுக்காதவர்கள் வருமான வரியோடு ஓர் அபராதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அவ்வாறு அபராதம் கட்டிய சுமார் 45 லட்சம் குடும்பங்களுக்கு, 'உங்களுக்கு இத்தகைய காப்பீடுகள் கிடைக்கக்கூடும், இவ்வாறு சேரலாம்' என்று கடிதம் எழுத அரசு முடிவு செய்தது. எல்லோருக்கும் அனுப்பப் பணம் போதவில்லை. எனவே குலுக்கல் முறையில் சுமார் 39 லட்சம் குடும்பங்களுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய 6 லட்சம் குடும்பங்களை விட்டுவிட்டனர். ஜேக்கப் கோல்டின், இத்தாய் லூரி, ஜேனட் மக்கபின் ஆகிய மூவரும் பின்னர் இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். கடிதம் பெற்றவர்களில் கூடுதலானோர் காப்பீட்டில் சேர்ந்திருந்தனர். அதைவிட வியப்பானது அடுத்தது: 45 முதல் 64 வயது வரையிலானவர்களில், கடிதம் அனுப்பப்பட்ட ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஓர் இறப்பு குறைந்திருந்தது. புதிய சட்டம் இல்லை, புதிய மருத்துவமனை இல்லை, புதிய மருந்தும் இல்லை. ஏற்கெனவே இருந்த உரிமையைச் சொல்லும் ஒரு தாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் நிலை வேறு, நம் நிலை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான்; இங்கே தாளைவிட ஆளே அதிகம் பயன்படுவார் என்பது என் அனுபவம். எழுத்தறியாத ஒருவருக்குக் கடிதம் அனுப்பி என்ன பயன்? ஆனால் தடை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஆய்வு அழுத்தமாகக் காட்டிவிட்டது.

நம் ஊரில் அந்தத் தடைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆன மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருக்கிறது. புகுந்த வீட்டுக் காப்பீட்டில் அவருக்கு இடமில்லை. முப்பது ஆண்டுகள் மண்ணோடும் கல்லோடும் போராடிய விரல்களின் ரேகை தேய்ந்துபோய்க் கருவி அதை ஏற்க மறுக்கிறது. ஆதாரில் 'முத்துலட்சுமி', குடும்ப அட்டையில் 'முத்துலெட்சுமி'. ஓர் எழுத்துக்காக ஒரு நாள் போகிறது. வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனால் அவர் முகாமுக்குப் போயிருக்கிறார். நோயாளியின் கூட இருப்பவர் ஒரே ஒருவர். அவர் சான்றிதழ் வாங்க ஊருக்குப் போய்விட்டால் நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பது யார்? இவற்றுள் எதையும் மருத்துவ நூல்கள் நோய் என்று சொல்வதில்லை. இருந்தும் இவற்றால் சிகிச்சை தாமதமாகி, நோய் முற்றுவதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டுத் திட்டத்தில், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் வருமான வரம்பின்றிச் சேரலாம். நமது வார்டில் ஒரு முறை அத்தகைய குடும்பம் ஒன்று, 'எங்களுக்கு எதுவும் இல்லை' என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு கேட்காமலே இருந்துவிட்டது. கேட்காமல் இருப்பதும் ஏழ்மை கற்றுக்கொடுக்கும் பழக்கங்களுள் ஒன்று. பல அலுவலகங்களில் பல முறை 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டவர், கடைசியில் கேள்வியையே நிறுத்திவிடுகிறார்.

காப்பீட்டால் பயனில்லை என்று வாதிடுவோர் பெரும்பாலும் ஓரிகன் ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நேர்மை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சுமார் 10,000 இடங்கள் இருந்தன. விண்ணப்பித்தவர்களோ 90,000 பேருக்கு அருகில். குலுக்கல் நடத்தினார்கள். ஆமி ஃபிங்கெல்ஸ்டீன், கேத்தரின் பைக்கர் ஆகியோர் தலைமையில் ஆய்வாளர்கள் இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின், காப்பீடு பெற்றவர்களின் இரத்த அழுத்தமோ, கொழுப்போ, நீரிழிவுக் கட்டுப்பாடோ புள்ளியியல் கணக்கில் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறவில்லை. அவசரப் பிரிவுக்கு வருவோர் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அது சுமார் 40 சதவீதம் கூடியது. 'இலவசமாகக் கொடுத்தால் மக்கள் தேவையில்லாமல் ஓடி வருவார்கள்' என்போர்க்கு இது நல்ல தீனி.

ஆனால் அதே ஆய்வில், நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டவர்களும் அதற்கு மருந்து எடுப்பவர்களும் கூடியிருந்தனர். மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. குடும்பத்தையே கவிழ்த்துவிடும் பெரும் மருத்துவச் செலவு ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. இந்தக் கடைசி இரண்டையும் சிறிய பயன் என்று சொல்பவர், அடகுச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் ஓர் இரவு கூடப் படுத்திராதவராகத்தான் இருக்க வேண்டும். அவசரப் பிரிவுக்குக் கூடுதலாக வந்தவர்களைப் பற்றியும் எனக்கு வேறு எண்ணம் உண்டு. அவர்கள் முன்பு நலமாக இருந்ததால் வராமல் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

இருந்தாலும் ஓரிகன் ஆய்விலிருந்து நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டணத்தை யாரோ ஏற்றுக்கொள்வதால் மட்டும் இரத்த அழுத்தம் இறங்கிவிடாது. நாள்தோறும் மாத்திரை வேண்டும். மாதந்தோறும் அதைப் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். இங்கேதான் நமது திட்டங்களின் பெரிய ஓட்டை இருக்கிறது. அவை முதன்மையாக உள்நோயாளிக்கானவை. மத்தியத் திட்டம், சேர்வதற்கு முந்தைய 3 நாள்கள், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் வரையிலான செலவை ஏற்கிறது. பதினாறாம் நாள் விடியும்போதும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அங்கேயேதான் இருக்கும். நீரிழிவுக்கு மாத்திரை வாங்கக் காசில்லாமல் விட்டவருக்குக் காலில் புண் வந்து, அழுகி, விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலை வந்தால் காப்பீடு கைகொடுக்கிறது. அந்தப் புண் வராமல் காத்திருக்கக்கூடிய மாத்திரைக்கு அது கைகொடுப்பதில்லை. நாடு முழுவதும் மருத்துவத்துக்காகச் செலவாகும் தொகையில் மக்கள் தம் சொந்தப் பையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. முன்னேற்றம்தான். ஆனால் அந்த 39.4 சதவீதத்தை மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை, பத்து மாத்திரை என்று எண்ணி வாங்குவோரின் கையில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஓட்டையை அடைக்கும் வழி ஓரளவு இருக்கிறது என்பது ஆறுதல். அது காப்பீட்டின் வழியாக வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் விலையின்றித் தரப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. தேடிப் போவது என்ற சொல்லிலேயே நான் மேலே சொன்ன கருத்து அடங்கியிருக்கிறது. ஆனால் நமது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். 'இந்த மாத்திரைகள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்குமா, எந்தெந்த மாத்திரை கிடைக்கும்' என்று ஒரு வரி இராது. அதை எழுதுவதற்கு மருத்துவருக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் இல்லாததால், ஏழைக் குடும்பம் ஒன்று இரண்டு மாதம் மருந்துக் கடையில் வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டு, ஐந்தாம் மாதம் மீண்டும் அவசரப் பிரிவின் வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே என் கருத்து இது: காப்பீட்டைப் பற்றிச் சொல்வதும், அதைப் பயன்படுத்த உதவுவதும் சிகிச்சையின் பகுதிகளே. அவற்றை அலுவலக வேலை என்று ஒதுக்கிவைத்து, நோயாளியின் கூட இருப்பவர் தலையில் சுமத்துவது முறையன்று. அனுமதிப் பிரிவில் கேட்கப்படும் முதல் ஐந்து கேள்விகளுள் ஒன்றாக அட்டையைப் பற்றிய கேள்வி இருக்க வேண்டும். 'முன்பணம் எவ்வளவு கொண்டுவந்தீர்கள்?' என்று கேட்பதற்கு முன்பே அது கேட்கப்பட வேண்டும். அட்டை இல்லாதவர், தகுதி இருந்தும் எடுக்காதவர், பெயர் சேர்க்காதவர் ஆகியோரின் ஆவணங்களை முடிந்தவரை மருத்துவமனை ஊழியரே முன்னின்று சரிசெய்து தர வேண்டும். என் மேசை மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகிறது; மாரடைப்போ அந்த நேரம் பார்த்து வருவதில்லை. இரவில் வருபவருக்கு வழிகாட்டும் ஓர் ஆளாவது அவசரப் பிரிவில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் செலவு ஆகும் என்று நிர்வாகத்தில் சிலர் தயங்குகிறார்கள். அவர்களின் தயக்கத்தை நான் முற்றிலும் குறை சொல்லவில்லை. திட்டத்தில் நிர்ணயிக்கப்பட்ட தொகை சில சிகிச்சைகளுக்குப் போதாது என்பதும், அது வந்துசேரத் தாமதமாகிறது என்பதும் மருத்துவமனைகளின் நெடுநாளைய முறையீடு. அந்த முறையீட்டை அரசிடம் உரக்கச் சொல்லட்டும். அந்தச் சுமையை, வாசலில் நிற்பவரிடம் மௌனமாக இறக்கிவைப்பதை மட்டும் ஏற்க இயலாது.

அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை எதுவாயினும், திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைத்த பிறகு உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் குழுவிடம் எழுத்து மூலம் முறையிடலாம். நம்மிடம் அது நேர்ந்தாலும் முறையிடுங்கள், தயங்க வேண்டாம். இதை இந்த இதழில் அச்சிட ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

அட்டை இருக்கிறதா, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே பார்த்துவைப்பது நல்லது. புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை, உங்களோடு வந்து தங்கிவிட்ட தாய் தந்தையர் ஆகியோரின் பெயர்களை முதலில் குடும்ப அட்டையிலும், பின்னர் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள பதிவு மையத்தில் காப்பீட்டிலும் சேர்க்க வேண்டும். நோய் வந்தபின் இதைச் செய்வதைவிட அது எவ்வளவோ எளிது.

இன்னொரு வேண்டுகோள், இங்கே சிகிச்சை பெற்று நலமாகி மறுபரிசோதனைக்கு வருவோரிடம். உங்களில் சிலர் மாதத்தில் ஒரு முற்பகல் மட்டும் அந்த வராந்தா இருக்கைகளில் வந்து அமர்ந்து, புதிதாக வருவோரிடம் நீங்கள் நடந்த வழியைச் சொல்ல முன்வருவீர்களா? நான் வெள்ளை அங்கி அணிந்த ஊழியர்களோடு நின்று சொல்வதைவிட, அடகுக் கடைக்குப் போய்வந்த ஒருவர் சொல்வதை மக்கள் நம்புகிறார்கள். இப்போது மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூதாட்டி அவர்களுள் ஒருவர். செங்கல் சூளைக்காரர், மழைக்காலத்தில் சூளை மூடியிருக்கும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அனுமதிப் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய படிவங்கள் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு அடுக்கப்பட்டிருப்பதால், அவை தீர்ந்த பின் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரை ஒவ்வொரு நாள் காலையிலும் அனுமதிப் பிரிவுக்குச் சென்று, அன்றைக்கு வேண்டிய படிவங்களின் மேல் ஓரத்தில் 'காப்பீட்டு அட்டை உண்டா? வீட்டில் இருக்கிறதா?' என்று பென்சிலால் எழுதிவைத்துவிட்டு என் மேசைக்கு வருகிறேன்.